மனசுக்கு ஒரு நோட்டு, வழக்குக்கு ஒரு நோட்டு

கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கி வரும் பெண்ணுக்கு மனசில் ஓடுவது அன்றோடு முடிவதில்லை. சொந்தத்தில் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் தூக்கம் வராது. ‘மனசில் இருப்பதை எழுதிப் பாரும்மா’ என்பது நல்ல யோசனைதான். ஆனால் எதை எழுதுவது, எப்போது நிறுத்துவது, நோட்டை எங்கே வைப்பது என்பதையும் சொன்னால்தான் அது முழு யோசனை.

எழுத்தின் பலனை 1986-இல் சோதித்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், பட்ட துயரத்தையும் அதில் உணர்ந்ததையும் சேர்த்து எழுதிய மாணவர்கள் பிந்தைய மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. மணமுறிவுக்கு இது அப்படியே பொருந்தாது என்கிறது, அண்மையில் பிரிந்த 90 பேரை வைத்து டேவிட் ஸ்பாரா குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு. ‘ஏன் இப்படி ஆச்சு’ என்று ஓயாமல் காரணம் தேடுபவர்கள் உணர்ச்சியைக் கொட்டி எழுதியபோது தேறுவது தாமதமானது. அவர்களில் அன்றாட வேலைகளை மட்டும் எழுதியவர்கள் நன்றாகத் தேறினார்கள். ‘புண்ணைக் கிளறாதே’ என்று பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காக எழுதவே வேண்டாம் என்றில்லை. நாலாம் நாளும் அதே கேள்வி சுற்றி வந்தால் அதை விட்டுவிட்டு, குழந்தைக்கு என்ன டிபன் கட்டினோம், கரண்ட் பில் கட்டியாச்சா என்று எழுதலாம். சாகலாமா என்ற நினைப்பு வந்தால் நோட்டை நம்பி இருக்கக் கூடாது. மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம்.

‘என் டைரியை யார் பார்க்கப் போகிறார்கள்’ என்பது தவறான தைரியம். ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் விவாகரத்துக்குப் பிறகும் வழக்காகும். சாட்சியச் சட்டம் ஏற்காத ஆவணத்தையும் குடும்ப நீதிமன்றம் ஏற்க, 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த போன் பேச்சையும் மணவழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. கோபத்தில் எழுதிய ஒரு வரியைக் காட்டி, ‘குழந்தையை வளர்க்கும் மனநிலை இவருக்கு இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். ஆகவே முன்னாள் கணவருக்குப் பாஸ்வேர்டு தெரிந்த போனிலும் மெயிலிலும் எழுத வேண்டாம்.

‘எழுதினால் சோறு வருமா?’ என்று கேட்பார்கள். மனசுக்கான நோட்டால் வராது. அதற்குத்தான் இன்னொரு நோட்டு. மொய் நோட்டைப் போலத் தேதி, தொகை, பெயரோடு, போட்ட நகை எத்தனை பவுன், ஸ்கூல் பீஸ் எவ்வளவு, ஜீவனாம்சம் எந்த மாதம் வரவில்லை என்று அதில் குறிக்க வேண்டும். பில்லும் ரசீதும் அதோடு இருக்கட்டும். மறுமணம் செய்யாத, பிழைக்க வழியில்லாத விவாகரத்தான பெண், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 144-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம். அதை மனு போட்ட தேதியிலிருந்தே தர வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டு ராஜ்னேஷ்–நேஹா தீர்ப்பு. வக்கீல் பீஸுக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியது இந்த இரண்டாவது நோட்டுதான்.