சிலிகாக் காயற்கரையில் ஒரு நடை

ஒடிசாவில் வாழும் நம்மவர் குளிர்கால விடுமுறையில் குடும்பத்தோடு நடந்து காணத்தக்க இடம் சிலிகாக் காயல். மகாநதியின் கிளையாறுகள் கொணரும் நன்னீரும் வங்கக் கடலின் உவர்நீரும் இங்குக் கலக்கின்றன. அக்கலப்பே காயலின் உயிர். முகத்துவாரம் மணலால் தூர்ந்தபோது உவர்ப்புக் குன்றியது, களை மண்டிற்று, மீன் அருகியது. 2000-ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பின்னரே மீன்வளம் மீண்டது.

காயலின் வடகரையில் மங்களஜோடி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள மண்கரைமீது சிறுவரும் எளிதில் நடக்கலாம். காலை இளவெயிலில் ஊசிவால் வாத்துகளையும் கருவால் மூக்கன்களையும் கரையிலிருந்தே காணலாம். முன்னர் இப்பறவைகளை வேட்டையாடியோர் பலர் இன்று அவற்றின் காவலராக விளங்குகின்றனர். அவர்தம் உழைப்பு வீணாகாதவாறு, ஓசையின்றி நடக்கவும் கல்லெறியாதிருக்கவும் நம் குழந்தைகளைப் பழக்கி அழைத்துச் செல்வோமாக.