உங்களுக்குத் தெரியுமா? சபைப் பணத்தில் நம் சொல்லும் உண்டு

தெமோதரைப் பக்கத்து எல்ல, ஹாலிஎல பிரதேச சபைகளாகட்டும், பசறை, லுணுகலை சபைகளாகட்டும், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றித்தான் பணத்தைச் செலவிடுகின்றன. தெருவிளக்கும் வடிகாலும் நூலகமும் உள்பாதையும் அதற்குள்தான் வருகின்றன. அந்தக் கணக்கைப் பார்க்கவும், அதில் நம் தேவையைச் சேர்க்கவும் கையிலிருக்கும் போன் உதவும். எப்படி?

● சபையின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்குகிறது. திட்டம் அதற்கு முன்பே நிறைவேறிவிடும். அதனால் பாதை வேண்டுமென்று தை மாதத்தில் கேட்டால் காலம் கடந்துவிட்டது. ஆவணி, புரட்டாதியிலேயே நம் கோரிக்கை சபைக்குப் போய்ச் சேர வேண்டும்.

● 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பெருந்தோட்டங்களிடம் ஏக்கர் வரி வாங்கச் சபைக்கு வழி வைத்தது. ஆனால் அந்தப் பணத்தை லயத்துப் பக்கம் செலவிடச் சட்டமே தடையாக நின்றது. 2018இல் அதன் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகுதான் தோட்டத்துக்குள் சபை வேலை செய்யச் சட்டப்படி இடம் கிடைத்தது. வாக்குப் போட்ட மக்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து பெற்ற உரிமை இது. பயன்படுத்தாமல் விடலாமா?

● உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் 2024, 2025ஆம் ஆண்டுகளுக்கான திட்டங்கள், மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவரும் இல்லாமலே தயாராகின. இப்போது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர் இருக்கிறார்.

● தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. சபையின் வரவையும் செலவையும் கேட்கக் காரணம் சொல்லத் தேவையில்லை. மின்னஞ்சலில் அனுப்பினாலும் அது எழுத்து மூலக் கோரிக்கைதான். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் போதும். அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும்.

● பதில் சிங்களத்தில் வந்தால் என்ன செய்வது? அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதியிலும் அதிகாரிகளிடம் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற நமக்கு உரிமை உண்டு. தயங்காமல் தமிழில் கேளுங்கள்.

● 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் எதுவானாலும், தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்பே பொறுப்பான அமைச்சர் அதன் விவரத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு.

● வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நடத்தும் 'பப்ளிக் ஃபினான்ஸ்' இணையத்தளம், வரவு செலவு உரையில் அரசு தந்த வாக்குறுதிகள் எந்த மட்டில் நிற்கின்றன என்று தொடர்ந்து கண்காணிக்கிறது. கொழும்பின் கணக்கைத் தெமோதரையிலிருந்தும் பார்க்கலாம்.

● பணம் எதற்கென்று மக்களே கூடித் தீர்மானிக்கும் முறை பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கியது. 2006இல் அதே நாட்டின் பெலோ ஹொரிசோன்ட் நகரம் இதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. ஒன்பது பகுதிகளுக்கும் தலா நான்கு வேலைகளைக் காட்டி, பகுதிக்கு ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னது. ஏறத்தாழ 1 இலட்சத்து 72 ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்குப் பொது இடங்களில் கணினிகள் வைக்கப்பட்டன. 2008இல் தொலைபேசியாலும் வாக்களிக்க முடிந்தது.

● ஸ்மார்ட் போன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கொங்கோ நாட்டின் தெற்குக் கிவு மாகாணத்தில் சாதாரண போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே மக்களைப் பட்ஜெட் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எந்த வேலை முதலில் என்ற வாக்கும் குறுஞ்செய்தியில்; எடுத்த முடிவும் குறுஞ்செய்தியில். தங்கள் பணம் எங்கே போகிறது என்று கண்ணால் கண்ட மக்கள் உள்ளூர் வரியையும் முன்வந்து கட்டினார்கள்.

● 2017இல் போர்த்துக்கல் 30 இலட்சம் யூரோவை ஒதுக்கி, நாடு முழுவதும் இணையத்திலும் குறுஞ்செய்தியிலும் வாக்களிக்க வைத்தது. ஸ்பெயினின் மட்ரிட் நகரம் 2015இல் தொடங்கிய மக்கள் பங்கேற்புத் தளத்தின் மென்பொருள் பெயர் 'கொன்சுல்'. எந்த நாட்டுச் சபையும் அதை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

● தொழில்நுட்பத்துக்கு முன்னால் வர வேண்டியது ஒதுக்கீடு. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்து, கிராம சபைகளில் மக்களைப் பேச வைத்தது. உள்ளூராட்சித் திட்டங்களைக் கண்காணிக்கும் 'சுலேகா' மென்பொருள் அதற்குப் பிறகே வந்தது. பிரித்துக் கொடுக்கப் பணமில்லாத இடத்தில் செயலி மட்டும் இருந்து என்ன பயன்?

● 2023ஆம் ஆண்டின் திறந்த வரவு செலவு ஆய்வில், மக்கள் பங்கேற்புக்கு உலக நாடுகள் பெற்ற சராசரிப் புள்ளி 100க்கு 15தான். முதலிடம் தென் கொரியாவுக்கு. உலகமே பின்தங்கி நிற்கும் பாடம் இது. மலையகத்துச் சபை ஒன்று முந்திக்கொண்டால் நமக்கெல்லாம் பெருமை.

● ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பினால், கொழுந்து மலையில் நிற்கும் அக்காவின் குரலும், போனே இல்லாத தாத்தாவின் குரலும் விடுபட்டுப்போகும். வேலை முடிந்த மாலையிலோ ஞாயிறன்றோ லயத்து முற்றத்தில் கூட்டம் வையுங்கள். அங்கே எடுத்த முடிவைப் போனில் எழுதி, உறுப்பினருக்கும் தவிசாளருக்கும் செயலாளருக்கும் அனுப்புங்கள்.

● என்ன எழுதுவது என்கிறீர்களா? இதையே எழுதலாம்: "கடந்த ஆண்டு எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? செலவிட்டது எவ்வளவு? எந்தெந்த வேலைக்கு? எங்கள் தோட்டத்துக்கு என்ன கிடைத்தது? அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எங்கள் கோரிக்கை சேர்க்கப்பட்டுள்ளதா?" இந்த ஐந்து கேள்விகளையும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.