கருவிலேயே கவசம்

பிறந்து ஏழெட்டு நாளில் பால் குடிக்க மறுத்து, தாடை இறுகி, வில்லாய் வளைந்து மாண்ட பிஞ்சுகள் கொஞ்சமா? பேய் அறைந்தது என்றனர், கயிறு கட்டினர். பேயுமல்ல, பிசாசுமல்ல! தொப்புள்கொடி அறுத்த அழுக்குக் கத்தியிலும், புண்ணில் அப்பிய சாணத்திலும் இருந்த கிருமி செய்த கொலை அது. ரணஜன்னி என்று பெயர்.

அந்த நஞ்சை முறிக்கும் பொருள் இரத்தத்தில் உண்டாகும் என்று 1890-ல் பெர்லினில் காட்டினர் பெரிங்கும் கிட்டசாட்டோவும். தாய் பெற்ற காப்பு குட்டிக்கும் சேருகிறது என்று 1892-ல் சுண்டெலிகளை வைத்து மெய்ப்பித்தார் பால் எர்லிக்.

கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அவள் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருள், நஞ்சுக்கொடி வழியே சேய்க்குச் செல்கிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் மிகுதி. கர்ணன் நாடகம் பார்த்துக் கைதட்டினோமே, அந்தக் கவசம் கதை! இது மெய்; அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சில மாதமே நிற்கும் என்பதால், ஆறாம் வாரம் முதல் பிள்ளைக்கே ஊசி.

இந்தியாவில் இந்நோய் ஒழிந்ததென 2015-ல் அறிவித்தார்களே என்பீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்தது என்பதே அதன் பொருள். கிருமி சாகவில்லை, மண்ணிலே கிடக்கிறது.

ஒருநாள் கூலி போகுமே என்று தயங்கும் தோழரே, கணக்கைக் கேளும்: முதல் தடவை கருவுற்றவளுக்கு இரண்டு ஊசி, இடையே நான்கு வாரம். இரண்டாவது ஊசி, பேறுகாலத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவேனும் முடிந்திருக்க வேண்டும்.