பயாஸும் ஐப்பசி மழையும்

கும்பகோணத்தில் உரக்கடை வைத்திருப்பவரானாலும், ஒரத்தநாட்டில் இ-சேவை மையம் நடத்துபவரானாலும், பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக்கொண்ட பட்டுக்கோட்டை மாணவரானாலும், ‘பயாஸ் அப்டேட் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பைத் திரையில் கண்டவுடன் கேட்பது ஒன்றுதான்: செய்யலாமா, கூடாதா? சென்னையில் சொல்லும் பதிலையே தஞ்சாவூர் ஜில்லாவிலும் சொல்லிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், இங்கே இந்தக் காரியம் கம்ப்யூட்டரை விட மின்சாரத்தையே அதிகம் பொறுத்திருக்கிறது.

மதர்போர்டின் மீது, எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தினும் சிறிதாக ஒரு சிப் இருக்கும். பொத்தானை அழுத்தியவுடன் ப்ராசஸரை எழுப்பி, ராம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, விண்டோஸோ லினக்ஸோ எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஆதிநிரல் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பயாஸ் என்பது 1975-ஐ ஒட்டி கேரி கில்டால் தமது சிபி/எம் என்னும் இயங்குதளத்துக்காக வைத்த பெயர். இப்போது இருப்பது யுஇஎஃப்ஐ என்னும் அதன் வாரிசு, ஆனால் கடைத்தெருவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அப்டேட் கேட்கும் இன்னொன்றான டிரைவர் என்பதோ ஹார்ட் டிஸ்கில் இருந்துகொண்டு, பிரிண்டர், நெட்வொர்க், ஒலி என ஒவ்வொரு சாதனத்தையும் விண்டோஸுக்குப் புரியவைக்கும் நிரல். கல்லணைத் தலைமதகு பழுதானால் டெல்டாவே வறளும், கடைமடையில் ஒரு மதகு அடைத்துக்கொண்டால் அந்த வயல் மாத்திரம் காயும். இரண்டுக்கும் உள்ள தாரதம்மியம் அதுதான்.

டிரைவர் விபரீதமாகிவிட்டால் ‘ரோல் பேக்’ செய்து பழையதற்கே திரும்பலாம். விண்டோஸே எழும்பவில்லையென்றால் சேஃப் மோடில் நுழைந்து நீக்கலாம். 2024 ஜூலை 19 அன்று, க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு டிரைவர் பழுதான ஒரு கோப்பைப் படித்துத் தடுமாறியதனால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் ஸ்தம்பித்து, நம் நாட்டு விமான நிலையங்களில்கூடக் கையால் போர்டிங் பாஸ் எழுதும்படி ஆயிற்று. அந்தக் கம்ப்யூட்டர்களும் சேஃப் மோடில் ஒரே ஒரு கோப்பை அழித்தவுடன் உயிர்பெற்றன. அதற்கு நேர்மாறானது 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டு, சிலவகை மதர்போர்டுகளின் பயாஸ் சிப்பிலேயே குப்பையை எழுதிற்று. அவற்றில் சேஃப் மோடு வருவதற்குத் திரையே வரவில்லை. சிப்பை மாற்றவோ மீண்டும் எழுதவோ நேர்ந்தது. பயாஸ் அப்டேட்டின்போது, பழைய நிரல் அழிந்து, புதியது முழுதும் எழுதப்படாத அந்தச் சில நிமிஷங்களில் கரண்டு போனால் விளைவதும் ஏறக்குறைய அதே அனர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கரண்டு நிலைமை எப்படியென்று நான் வர்ணிக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு, வாரக்கணக்கில் விளக்கில்லாமல் இருந்த கிராமங்களைப் பேராவூரணிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகையால், தை மாசிக்குத் தள்ளிப்போடக்கூடியதைத் தள்ளிப்போடுவதே உசிதம். அவசரமானால், பத்திரிகையில் ‘நாளைய மின்தடை’ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, வானம் தெளிந்த ஒரு காலையில், யுபிஎஸ்ஸின் துணையோடு செய்ய வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள், அதில் ‘யுபிஎஸ் மோடு’ ஸ்விட்ச் இருந்தால் அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். சாதாரண மோடில், கரண்டு போய் இன்வெர்ட்டர் ஏற்கும்வரை உள்ள, மின்விசிறிக்குத் தெரியாத அந்தச் சிறு இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்து போகலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தது போன்ற பழைய லேப்டாப், ‘பேட்டரி சார்ஜ் போதாது’ என்று அப்டேட்டை மறுத்தால், அது பிழையன்று, முன்ஜாக்கிரதை.

செய்முறையில் சிரமம் அதிகமில்லை. போர்டின் மீதே அச்சிட்டிருக்கும் மாடலையும், மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ‘ரெவ்’ எண்ணையும் குறித்துக்கொண்டு (இந்த எண் மாறினால் கோப்பும் மாறலாம்), தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மாத்திரம் கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸ் திரைக்குள்ளிருந்தே எழுதவிட வேண்டும். அதற்கு முன், கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை இடைநிறுத்தி, அதன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிவைக்காதவர்கள், அப்டேட் சுபமாக முடிந்த பிறகும் தங்கள் கோப்புகளுக்கு வெளியே நிற்க நேரிடலாம்.

எல்லோருக்கும் இது வேண்டுமா? புதிய ப்ராசஸர் மாட்டுகிறவருக்கு வேண்டும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவருக்கு அவசியம் வேண்டும்; மிகையான வோல்டேஜினால் அவை நிரந்தரமாகக் கெடுவதைத் தடுக்கும் திருத்தம் 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாகத்தான் வந்தது. செக்யூர் பூட் என்ற காவலுக்கு 2011இல் மைக்ரோசாஃப்ட் வழங்கிய சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குவதனால், சில போர்டுகளுக்கு அந்தக் காரணமும் உண்டு. இவை எதுவுமின்றி, எண் பெரிதாயிருக்கிறதே என்பதற்காக மாத்திரம் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

தவறிப்போனாலும், போர்டின் பின்புறம் ‘ஃப்ளாஷ்பேக்’ பொத்தான் இருந்தால் பென்டிரைவைச் செருகி அதை அழுத்தி மீட்கலாம்; இல்லாவிட்டால், சிப்பின் எட்டுக் கால்களில் கிளிப்பை மாட்டிப் புரோகிராமரால் மீண்டும் எழுதத் தெரிந்த சர்வீஸ் கடைக்காரரைத் தேட வேண்டியதுதான். டிரைவர்களுக்கு வருவோமானால், முதலில் சிப்செட், பிறகு மற்றவை. விண்டோஸைப் புதிதாகப் போடுவதானால் நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் மற்றவற்றை இறக்க வழியிராது. உரக்கடையில் வருஷக்கணக்காக ரசீது அடித்துவரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் டிரைவரை மட்டும், குறுவைப் பருவத்துக் கூட்டம் கடையில் நிற்கும்போது தொட வேண்டாம்.