மூளையில் ஒட்டு: வயரா, கசிவா?

மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது நமக்குப் பழகிய சமாச்சாரம். நாட்டு மாங்கன்றின் தண்டில் பங்கனப்பள்ளிக் குச்சியை வைத்துக் கட்டினால் கொஞ்ச நாளில் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் சாறும் ஓடினால் போதும், வேலை முடிந்தது. மூளையில் ஒட்டு வைத்தால்? வைத்த துண்டு சாகாமல் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்து மூளையோடு அது பேச வேண்டும். எப்படிப் பேசுகிறது? எங்கள் சொந்தத்தில் ஒருவருக்குப் பார்க்கின்சன் வந்ததிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இந்தச் சோதனைகளில் ஏன் கருவின் மூளைத் திசு? வளர்ந்த நியூரானை வெட்டி எடுத்தால் அதன் நீண்ட வாலான ஆக்சான் அறுந்துபோகும், நியூரானும் பெரும்பாலும் பிழைக்காது. கருவில் இருக்கும் நியூரானுக்கு அந்த வால் அப்போதுதான் முளைக்கிறது. இடம் மாற்றி வைத்தாலும் வளரப் பார்க்கும்.

இனி ஹாம்ஸ்டர் கதை. முழு இருட்டில் வைத்தாலும் ஹாம்ஸ்டர் கிட்டத்தட்ட 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை, தவறாமல், சக்கரத்தில் ஏறி ஓடும். அந்தக் கடிகாரம் இருப்பது சூப்ராகயாஸ்மாடிக் நியூக்ளியஸ் என்கிற பொட்டு மாதிரியான பகுதியில். இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்துக்குச் சற்று மேலே. அதை அழித்துவிட்டால் ஹாம்ஸ்டர் கண்ட நேரத்தில் ஓடும், கண்ட நேரத்தில் தூங்கும்.

மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனாக்கர் குழுவினருக்கு, நாள் 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிற ஒரு மரபுத்திரிபு ஹாம்ஸ்டர் கிடைத்திருந்தது. 1990-ல் அவர்கள் கடிகாரம் அழிக்கப்பட்ட ஹாம்ஸ்டர்களுக்கு வேறு ஹாம்ஸ்டரின் கடிகாரத் திசுவை வைத்தார்கள். ஒழுங்கு திரும்பியது. யாருடைய ஒழுங்கு? கொடுத்தவருடையது! 24 மணி நேர ஹாம்ஸ்டருக்கு 20 மணி நேரத் திசுவை வைத்தால் அதற்கு நாள் 20 மணி நேரம். திருப்பி வைத்தால் திருப்பி. மாமரக் கணக்கேதான், குச்சி எந்த ரகமோ காய் அந்த ரகம்.

இதைப் படித்ததும் "ஆஹா, வயர் இணைந்துவிட்டது" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சரியான விடை வருகிறது என்பதற்காக அது எந்த வழியாக வருகிறது என்று சொல்லிவிட முடியாது. இருபது வருஷம் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டியவனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. 1996-ல் ரே சில்வர் குழுவினர் கடிகாரத் திசுவை ஒரு பாலிமர் உறைக்குள் போட்டு மூளையில் வைத்தார்கள். உறையின் நுண்துளைகள் வழியாக மூலக்கூறுகள் வெளியே வரலாம், ஆக்சான் வர முடியாது. வயருக்கு வழியே இல்லை. ஆனாலும் ஹாம்ஸ்டர் நேரத்துக்கு ஓடியது. செய்தி கசிந்தே போயிருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. ஒட்டு வைத்த ஹாம்ஸ்டர்களில் ஓட்டம் நேரத்துக்கு வந்தபிறகும், கார்ட்டிசால், மெலட்டோனின் மாதிரியான ஹார்மோன்களின் தினசரி ஏற்ற இறக்கம் திரும்பவில்லை என்று 1999-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அவற்றுக்குச் சரியான வயர் வேண்டும் போலிருக்கிறது. ஒரே ஒட்டு, ஒரு வேலைக்குப் போதும், இன்னொன்றுக்குப் போதாது. "இணைந்தது" என்று யாராவது சொன்னால், எதனோடு, எப்படி என்று கேட்காமல் விடக்கூடாது என்று எனக்குப் பட்டது இங்கேதான்.

சரி, நிஜமாகவே வயர் இணைவது உண்டா? உண்டு. 2016-ல் ஜெர்மனியில், மக்டலேனா கோட்ஸ், மார்க் ஹ்யூபெனர் குழுவினர் வளர்ந்த எலியின் பார்வைப் புறணியில் சில நியூரான்களை மட்டும் லேசரால் சாகடித்து, அங்கே கருவின் நியூரான்களை வைத்து, மண்டையில் சின்ன ஜன்னல் போட்டு வாரக்கணக்கில் பார்த்தார்கள். இவற்றுக்கு யார் செய்தி அனுப்புகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்தியது ரேபிஸ் வைரஸ்! வெறிநாய்க்கடி வைரஸ் சினாப்ஸைத் தாண்டிப் பின்னோக்கிப் பயணிக்கும். ஒரே ஒரு தாவலோடு நிற்கும்படி அதை மாற்றி, ஒட்டிய நியூரானில் விட்டால், அதற்கு நேரடியாகச் செய்தி தருகிற நியூரான்கள் மட்டும் ஒளிரும். ஒளிர்ந்தவை, அந்த இடத்துச் சொந்த நியூரானுக்கு எங்கிருந்தெல்லாம் செய்தி வருமோ, அதே பகுதிகளில் இருந்தன. சில வாரங்களில் ஒட்டிய நியூரான்கள் குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளுக்கு மட்டும் பதில் தரவும் கற்றுக்கொண்டன.

பார்க்கின்சனில் நிலைமை வேறு. அங்கே சாகிற டோபமைன் நியூரான்கள் நடுமூளையில் இருக்கின்றன, அவற்றின் ஆக்சான் போய்ச் சேருவது ஸ்ட்ரையேட்டத்தில். வளர்ந்த மூளையில் அவ்வளவு தூரம் புது ஆக்சானை வளரவைப்பது கஷ்டம். அதனால் 1987-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இதைத் தொடங்கியவர்கள் கருத்திசுவை நேராக ஸ்ட்ரையேட்டத்திலேயே வைத்தார்கள். டோபமைன் வந்தது, சிலருக்கு நல்ல பலனும் கிடைத்தது. ஆனால் "இப்போது விடு, இப்போது நிறுத்து" என்று நடுமூளையில் கிடைக்கிற கட்டளைகள் அந்த இடத்தில் அப்படியே கிடைக்காது.

2001-ல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் 40 நோயாளிகள். பாதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு, திசு வைக்காமல் விட்டார்கள். திசு பெற்றவர்களில் வயது குறைந்தவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம். ஆனால் திசு பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு, மருந்தைக் குறைத்தும் நிறுத்தியும்கூட, கை கால் தன்னிச்சையாக முறுக்கி ஆட ஆரம்பித்தது. ஒட்டோடு சேர்ந்து வந்த செரட்டோனின் நியூரான்களுக்கும் இதில் பங்குண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எங்கள் வீட்டில் "செல் வைத்தால் சரியாகிவிடுமாமே" என்று பேச்சு எழும்போதெல்லாம் நான் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

2008-ல் இன்னொன்று தெரிந்தது. ஒட்டு வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையைப் பார்த்தபோது, கருவிலிருந்து வந்த அந்த இளம் நியூரான்கள் சிலவற்றில் லூயி உருண்டைகள் இருந்தன. பார்க்கின்சனின் அடையாளமான அதே புரதக் கட்டிகள். ஒட்டுக்கு 11 முதல் 16 வயதுதான். பழைய மூளையின் கெட்ட புரதம் புதிய செல்லுக்குத் தாவியிருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.