ஒடுங்கிய மனையில் தறி வீடு

30 அடி முகப்புள்ள பூர்வீக மனை, பாகப்பிரிவினை ஆனதும் இரண்டு 15 அடி மனைகளாகி விடுகிறது. நெசவாளர் தெருக்களில் இது யாவரும் கண்டதே. 15 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள அத்தகைய மனையின் விஸ்தீரணம் 900 சதுர அடி. இரண்டு சென்டுக்குச் சற்றே அதிகம். இதில் ஒரு குடும்பம் வசிக்கவும், ஒரு தறி ஓடவும் இடம் காண இயலுமா என அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். இயலும். ஆனால் அறைகளை வகுத்தபின் மிஞ்சுவதை வெளிச்சத்திற்கு விடும் வழக்கத்தைக் கைவிட்டு, வெளிச்சத்திற்கு முதலில் இடம் ஒதுக்குதல் வேண்டும்.

எமது பழைய வீட்டில் தறியறையின் ஒரே ஜன்னல் பக்கத்துக் காலி மனையை நோக்கியிருந்தது. அங்கும் ஒரு வீடு எழும்பிற்று. அன்று முதல் எம் தந்தையார் பட்டப்பகலில் விளக்கேற்றி நெய்தார். அரக்கு நிறத்திற்கும் கறுப்புக்கும் வேற்றுமை தெரியாமல், நெய்ததைப் பிரித்து மீண்டும் நெய்ய நேர்ந்ததும் உண்டு. அயலார்மீது குறையில்லை, பிறர் மனையின் வெளிச்சத்தை நம்பி ஜன்னல் வைத்தது எங்கள் பிழை.

தஞ்சைப் பகுதி அக்கிரகார வீடுகளைக் கட்டியோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இருபுறமும் அடுத்த வீடுகள் ஒட்டி நிற்க, நடுவிலுள்ள முற்றமே வெளிச்சமும் காற்றும் தந்தது. நமது மனையிலும் 6 அடிக்கு 8 அடியேனும் முற்றம் விடுதல் நலம். தறியறையின் ஜன்னல் முற்றத்தை வடக்காக நோக்குமாயின் மிகச் சிறப்பு. வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் சீராக இருக்கும், நேர்வெயிலோ சாயத்தை வெளுக்கச் செய்யும். மாடி எழுப்புவோர் முற்றத்தின் ஒரு புறத்தையேனும் தாழ்வாக விடுக. நாற்புறமும் உயர்ந்தால் முற்றம் கிணறாகிவிடும்.

காகிதத்தில் உள்ள 15 அடி உள்ளே கிடைப்பதில்லை. இருபுறமும் 9 அங்குலச் சுவர் வைத்தால் ஒன்றரை அடி போயிற்று. மாடிப்படியும் இடத்தை விழுங்கும்: 10 அடி உயரம் ஏற, 7 அங்குல உயரமும் 10 அங்குல மிதியும் உள்ள நேர்ப்படிக்கு 13 அடிக்கு மேல் நீளம் வேண்டும். அதனைப் பக்கச் சுவரோடு ஒட்டி முற்றத்தருகே அமைத்தால், அடியில் நூல் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம். விவசாய அங்கத்தினர்க்கு அதுவே மூட்டை அடுக்கும் இடம்.

குழித்தறி உடையோர் தரைமட்டத்தைப் பற்றிச் சிந்திப்பது மிக அவசியம். குழியின் இலேசான ஈரம் பருத்தி இழைக்கு நல்லது. தேங்கும் நீரே பகை. குழி இரண்டரை அடி ஆழமாயின், வீட்டின் தரை தெருவினும் 3 அடி உயர்ந்திருந்தால் குழியின் அடி தெருமட்டத்திற்கு மேலே நிற்கும். சாலையைப் புதுப்பிக்குந்தோறும் தெரு உயர்ந்துகொண்டே வருவதையும் மறக்கலாகாது. மழைநீர் சேமிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் நீரை உறிஞ்சும் குழியைத் தறிக்குழிக்கு அருகில் வெட்டாதீர். ஜக்கார்டு பூட்டுவோர் அதன் உயரத்தை அளந்தபின்னரே கூரையின் உயரத்தை நிச்சயிக்க வேண்டும்.

பக்கங்களில் விடவேண்டிய திறந்த இடத்தை அஸ்திவாரம் தோண்டுமுன் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் விசாரித்தறிக. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கும். விரைவில் கிடைப்பதால் விதிகள் தளர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. விதிப்படி கட்டும் பொறுப்பு நம்முடையதாகிறது.

மேஸ்திரியிடம் முன்பணம் தருமுன், மனையில் சுண்ணாம்புக் கோடிட்டுத் தறி, முற்றம், படி, அடுப்பங்கரை ஆகியவற்றைக் குறியுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து, நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நெய்பவர் உட்காரும் இடத்தில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து, இருபுறமும் சுவர் எழும்பியபின் அவ்விடத்திற்கு வானம் எத்திசையில் தெரியுமென்று பாருங்கள். கோட்டை அழித்து மீண்டும் போடச் செலவு ஒரு கூடைச் சுண்ணாம்புதான்.