பாட்டி கைக்கு ஒரு வட்டத் தறி

சென்னை வெயிலில் உட்கார்ந்துகொண்டு உல்லன் நூல் பின்னுவதைப் பற்றி எழுதுகிறாளே, இவளுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நினைத்துவிடாதீர்கள். நூலைப் பற்றி மட்டும் எழுத வரவில்லை. வயதாகி, கை ஒத்துழைக்காமல் ஒதுங்கி உட்கார்ந்துவிடும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு வயது 76. மாமனார் நீலகிரியில், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் குளிரில் இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய அத்தைக்கு, ஸ்வெட்டர் பின்னுவது என்றால் சாம்பார் வைக்கிற மாதிரி. ரேடியோ கேட்டுக்கொண்டே, பிள்ளைகளை அதட்டிக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலே பின்னுவாராம். என் கணவரும் நாத்தனாரும் அந்த ஸ்வெட்டர்களில் வளர்ந்தவர்கள்தான். மாமனார் ரிடையர் ஆகி அடையாறுக்குக் குடிவந்ததும் ஊசிகள் பரணில் ஏறின. இங்கே யாருக்கு ஸ்வெட்டர்?

நாலைந்து வருஷமாக அத்தைக்கு விரல் கணுக்களில் வீக்கம், வலி. இரண்டு ஊசியையும் இறுக்கிப் பிடித்து வேலை செய்வது இனி முடியாது என்று ஆகிவிட்டது. பூ தொடுக்க உட்கார்ந்தால் விரல் மடங்கவில்லை. கீரை ஆய எடுத்தால், "வைங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது வாங்கிக்கொள்வார்கள். அன்பாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் நாளெல்லாம் அதையே கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்? ஒருநாள் என்னிடம், "ஏம்மா, மூணு வேளையும் சாப்பிடறதைத் தவிர எனக்குன்னு இந்த வீட்ல ஒரு வேலை இருக்கா சொல்லு" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் தீபாவளிக்கு வந்தபோது இந்த வட்டத் தறியை வாங்கி வந்தாள். பெரிய பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம். அதன் விளிம்பில் விரல் உயரத்துக்குச் சுற்றிலும் முளைகள். கூடவே ஒரு கொக்கி. அவ்வளவுதான்! 24, 31, 36, 41 முளைகள் என்று நாலு அளவுகள் ஒரே பெட்டியில் வருகின்றன. ஒரு சாதாரண வாயில் புடவை விலைகூட ஆகாது.

நம்மில் பலர் சின்ன வயசில் காலியான மர நூல்கட்டையின் தலையில் நாலு ஆணி அடித்து, கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றி வால் மாதிரி பின்னியிருப்போம். அதே வித்தைதான் இது. வளையம் மட்டும் பெரிசு. இன்னொரு சங்கதி: நம் வீட்டு ஆண்கள் போடும் பனியனைக் கவனித்திருக்கிறீர்களா? பல பனியன்களுக்குப் பக்கவாட்டில் தையலே இருக்காது. திருப்பூரில் வட்டமாக ஊசிகள் வைத்த மெஷின்களில் துணி குழாயாகவே பின்னப்பட்டு இறங்குவதுதான் காரணம். இப்படி வட்டமாகப் பின்னும் ஒரு மெஷினுக்கு மார்க் புருனெல் என்ற இஞ்சினியர் 1816-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். மெஷின் செய்வதைக் கையால் மெதுவாகச் செய்கிறோம், அவ்வளவே.

அத்தை முதலில் பின்னியது கழுத்துக்கு மாட்டும் வளையம். மஃப்ளரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தால் எப்படி இருக்கும், அதுபோல. தலை வழியாக மாட்டிக்கொண்டால் நழுவாது. வண்டிச் சக்கரத்தில் தொங்கிச் சிக்காது. செய்முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

36 முளை வளையம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு அக்ரிலிக் நூல் போதும். வேர்த்தால் அசல் கம்பளி அரிக்கும். நூல் மெல்லிசாக இருந்தால் இரண்டு உருண்டைகளிலிருந்து இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னுங்கள். 150 கிராம் வாங்கினால் தாராளமாகப் போதும்.

வளையத்தின் பக்கவாட்டில் தனியாக ஒரு சின்ன முளை நீட்டிக்கொண்டிருக்கும். நூல் முனையில் சுருக்குப் போட்டு அதில் மாட்டுங்கள். பிறகு நூலை வளையத்தின் உள்பக்கமிருந்து முதல் முளைக்கு வெளியே கொண்டுவந்து, முளையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உள்ளே கொண்டுபோய் அடுத்த முளைக்குப் போங்கள். இப்படியே ஒரு வட்டம் முடித்து, அதன்மேல் இன்னொரு வட்டமும் சுற்றுங்கள். இப்போது ஒவ்வொரு முளையிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு கண்ணிகள் இருக்கும். கொக்கியால் கீழ்க் கண்ணியை மட்டும் தூக்கி, மேல் கண்ணியையும் முளையின் தலையையும் தாண்டி உள்பக்கம் தள்ளிவிடுங்கள். கடைசியாகச் சுற்றிய முளையிலிருந்து இதை ஆரம்பித்தால் நூல் அவிழாது. எல்லா முளையிலும் தள்ளி முடித்தால் ஒரு வரிசை ஆயிற்று.

மறுபடி ஒரு வட்டம் சுற்ற வேண்டியது, கீழ்க் கண்ணியைத் தூக்கிப் போட வேண்டியது. இவ்வளவுதான் முழு வேலையும்! நாலு வரிசை ஆனதும் சின்ன முளையில் மாட்டிய சுருக்கைக் கழற்றிவிடுங்கள். துணி குழாயாக வளையத்துக்குள் இறங்கிக்கொண்டே வரும். பத்து அங்குலம் வந்ததும் நிறுத்தலாம்.

முடிக்கும்போதுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். முதல் இரண்டு முளைகளை ஒருமுறை பின்னிக்கொள்ளுங்கள். இரண்டாவதில் இருக்கும் கண்ணியை எடுத்து முதல் முளையில் போட்டு, அடிக் கண்ணியை அதன் மேலாகத் தூக்கிக் கழற்றுங்கள். மிஞ்சும் ஒன்றை இரண்டாவது முளைக்கு மாற்றுங்கள். அடுத்து மூன்றாவதைப் பின்னி, அந்தக் கண்ணியை இரண்டாவதில் போட்டு அதேபோல் கழற்றுங்கள். இப்படியே சுற்றிவர வேண்டும். தளர்வாகச் செய்யாவிட்டால் தலை நுழையாது. கடைசிக் கண்ணிக்குள் நூலை வெட்டி இழுத்து, மிச்ச முனையைக் கோணி ஊசியால் துணிக்குள் ஓட்டி மறைத்துவிடுங்கள். ஓரம் இயல்பாகவே சுருண்டுகொள்ளும். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

கைவலி உள்ளவர்களுக்கு இது ஏன் சௌகரியம் தெரியுமா? ஊசி என்றால் துணியின் பாரம் முழுவதையும் விரல்கள் தாங்க வேண்டும். இதிலோ வளையத்தை மடியிலோ மேஜையிலோ வைத்துக்கொள்ளலாம். பாதியில் எழுந்து போனாலும் கண்ணி நழுவாது. எண்ணிக்கை தப்பிவிடுமே என்ற கவலை இல்லை. கொக்கியின் பிடி மெல்லிசாக இருந்ததால் பழைய வேட்டித் துணியைக் கிழித்து அதில் கனமாகச் சுற்றிக் கொடுத்தேன், பிடிக்க எளிதாயிற்று. நூலை இறுக்கிச் சுற்றினால் கண்ணியைத் தூக்கும்போது கட்டைவிரல் வலிக்கும், அதனால் தளரச் சுற்ற வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு வெளிர் நிற நூல் கொடுங்கள்; கறுப்பும் கருநீலமும் கண்ணி தெரியாமல் படுத்தும். அரைமணிக்கு ஒருமுறை கையை ஓய்வாக வைக்க வேண்டும். வீக்கமும் சூடும் அதிகமாக இருக்கும் நாளில் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் அத்தை பின்னியது மூன்றே வரிசை. என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும்மா இந்த வயசுல உனக்குச் சிரமம்? ரங்கநாதன் தெருவுக்குப் போனா நூறு, நூத்தம்பது ரூபாய்க்கு மஃப்ளர் கிடைக்குது" என்றார். அத்தை தலையை நிமிர்த்தாமலே, "கிடைக்கும்டா. அதுல என் கை இருக்காதே" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை!

பதினொரு நாளில் வளையம் தயார். யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள் யோசிக்கும்முன் அத்தையே முடிவு செய்திருந்தார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ராத்திரி வாட்ச்மேனுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். மார்கழியில் அடையாற்றில் விடியற்காலை 20, 21 டிகிரிதான் இருக்கும். வீட்டுக்குள் போர்த்திப் படுப்பவர்களுக்கு அது சுகம். கேட் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு, பனியோடு கடற்காற்றும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? "கழுத்துக்கு நல்லா இதமா இருக்கு பாட்டிம்மா" என்று அவர் சொன்ன அன்றே அத்தை அடுத்த நூலுக்குச் சொல்லிவிட்டார். இரண்டாவது பேப்பர் போடும் பையனுக்கு. மூன்றாவது டெல்லி ஹாஸ்டலில் இருக்கும் பேத்திக்கு. இதுவரை ஒன்பது ஆகிவிட்டது. விரல் வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் காபி குடித்ததும் "எங்கே என் வளையம்?" என்று கேட்கிற குரலில் ஒரு அதிகாரம் வந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

வீட்டில் இருந்தபடி பின்னுகிற பெண்களால் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு, அவரவர் வீட்டில் குரோஷா ஊசியால் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று நம் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்தார்கள். உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் பதிவானது. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர்! சமையல் முடித்து, குழந்தைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த நேரத்தில் நம்மைப் போன்றவர்கள் பின்னியதுதான் அத்தனையும்.

சாதனை எல்லாம் நமக்கு வேண்டாம். உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியாரோ ஜன்னல் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அவர் கைக்கு எது முடியும் என்று பார்த்துக் கொடுங்கள். வட்டத் தறிதான் வேண்டும் என்பதில்லை. வயர் கூடையாக இருக்கலாம், பூண்டு உரிப்பதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வேலை அவர் தொடங்கி, அவரே முடித்து, "இது நான் செஞ்சது" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். நடுவில் கை நீட்டிப் பிடுங்கிவிடாதீர்கள், நாள் கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

— ஒரு வாசகி, அடையாறு, சென்னை.